ஒரு கணினியில் 1, இன்னொன்றில் 1,67,77,216

இன்டெல் பிராசசர் உள்ள கணினியில் ஒரு புரோகிராம் 1 என்ற எண்ணை நான்கு பைட்டுகளாகக் கோப்பில் எழுதுகிறது. கோப்பில் போய் உட்காருவது 01 00 00 00. மதிப்பில் சிறிய பைட் முன்னால் நிற்கும். இதற்கு லிட்டில் எண்டியன் என்று பெயர். அதே கோப்பை ஐபிஎம் மெயின்பிரேமிலோ பழைய சன் ஸ்பார்க் கணினியிலோ திறந்தால், அங்கே பெரிய பைட் முன்னால் நிற்பதுதான் வழக்கம். அது பிக் எண்டியன். ஆகவே அந்த நான்கு பைட்டும் 1,67,77,216 என்று படிக்கப்படும். கோப்பில் ஒரு பிட்கூட மாறவில்லை, பிழைச்செய்தியும் வராது.

தரவுத்தள மென்பொருளை வேறு தளத்துக்கு, அதாவது வேறு வகைக் கணினிக்கோ இயங்குதளத்துக்கோ, மாற்றும் பேச்சு வந்தால், ‘அங்கே ஓடுமா’ என்றுதான் முதலில் கேட்கிறோம். அது சுலபமான பாதி. 1983இல் ஆரக்கிள் நிறுவனம் தன் தரவுத்தள மென்பொருளின் மூன்றாம் பதிப்பை சி மொழியில் எழுதியபோதே அதற்கு வழி பிறந்துவிட்டது: சி கம்பைலர் (நிரலை அந்தக் கணினியின் மொழிக்கு மாற்றும் மென்பொருள்) உள்ள கணினியில் மறுபடி கம்பைல் செய்துகொள்ளலாம். (சியும் அப்பழுக்கில்லாதது அல்ல. அதன் ‘லாங்’ எண், 64 பிட் லினக்ஸில் 8 பைட், 64 பிட் விண்டோஸில் 4 பைட்.) ஓடிய பிறகு அதே விடையைத் தருமா என்பதுதான் கடினமான பாதி.

எண் சிக்கலை டிபேஸ் என்ற பழைய தரவுத்தள மென்பொருள் முரட்டுத்தனமாகத் தீர்த்தது. அதன் டிபிஎஃப் கோப்பில் 125 என்ற எண் ‘1’, ‘2’, ‘5’ என்ற மூன்று எழுத்துகளாகவே இருக்கும். தேதி எட்டு இலக்க எழுத்துகள். இடம் வீண்தான், கூட்டிக் கழிக்க ஒவ்வொரு முறையும் எண்ணாக மாற்றவும் வேண்டும். ஆனால் எழுத்துக்கு எண்டியன் கிடையாது. வரைபட மென்பொருள்கள் பயன்படுத்தும் ஷேப்ஃபைல் என்ற கோப்பு வகையோடு இன்றும் ஒரு டிபிஎஃப் ஒட்டிக்கொண்டு வருகிறது. அந்த ஷேப்ஃபைலின் முதன்மைக் கோப்பிலோ சில எண்கள் பிக் எண்டியன், சில லிட்டில் எண்டியன்! அசிங்கம்தான். ஆனாலும் எல்லா இடத்திலும் வேலை செய்கிறது, ஏனென்றால் எந்த எண் எந்த வகை என்று எழுதி வைத்திருக்கிறார்கள். எந்த வரிசை என்பது பெரிதில்லை, அதைக் கணினியின் விருப்பத்துக்கு விடாமல் இருப்பதுதான் முக்கியம்.

கைப்பேசிகளிலும் ஓடும் எஸ்க்யூலைட் என்ற தரவுத்தள மென்பொருள் செய்வதும் அதைத்தான். 2004இல் வந்த மூன்றாம் பதிப்பிலிருந்து அதன் கோப்பில் எண்கள் பிக் எண்டியன். அது ஓடும் கணினிகளும் கைப்பேசிகளும் பெரும்பாலும் லிட்டில் எண்டியன் என்பதால், படிக்கும்போதெல்லாம் பைட்டுகளைத் திருப்பிப் போட வேண்டும். பிராசசருக்கு அது ஒரு வேலையே இல்லை. இயங்குதளத்திடம் கேட்க வேண்டியவற்றை, அதாவது கோப்பைத் திற, எழுது, பூட்டு என்பவற்றை, விஎஃப்எஸ் என்ற ஒரே அடுக்கில் ஒதுக்கிவிட்டார்கள். புதிய தளம் வந்தால் அந்த அடுக்கை மட்டும் எழுதினால் போதும்.

அப்படியும் ஒரு தளத்தின் குணம் கோப்புக்குள்ளேயே கசிந்துவிட்டது. ஒருவர் எழுதும்போது இன்னொருவர் நுழையாமலிருக்கக் கோப்பின் சில பைட்டுகளைப் பூட்ட வேண்டும். யூனிக்ஸில் இந்தப் பூட்டு வெறும் அறிவிப்பு. பூட்டிய பைட்டை மற்றவர்கள் படிக்கத் தடை இல்லை. விண்டோஸ் 95இல் பூட்டு என்றால் பூட்டுதான், யாரும் படிக்க முடியாது. தரவு உள்ள பைட்டைப் பூட்டினால் காரியம் கெடும். எனவே கோப்பின் சரியாக 1 ஜிபி எல்லையில், 1,07,37,41,824ஆம் பைட்டிலிருந்து 512 பைட்டுகளைப் பூட்டுக்கென்றே ஒதுக்கி, அவை விழும் பக்கத்தில் (கோப்பைச் சம அளவில் வெட்டிய துண்டுக்குப் பக்கம் என்று பெயர்) தரவே எழுதுவதில்லை என்று வைத்தார்கள். விண்டோஸ் 95 போய் எவ்வளவோ காலமாயிற்று. இன்றும் 1 ஜிபியைத் தாண்டும் ஒவ்வொரு எஸ்க்யூலைட் கோப்பிலும், ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும்கூட, அந்த ஒரு பக்கம் காலியாகவே கிடக்கிறது.

இனி கேள்வி கேட்கும் மொழி. எஸ்க்யூஎல் 1986இலேயே தரப்படுத்தப்பட்டது. 1992இல் மைக்ரோசாப்டின் ஓடிபிசி, 1997இல் ஜாவாவின் ஜேடிபிசி என்று, நிரலைத் தரவுத்தளத்தோடு இணைக்கும் பொதுவான டிரைவர் முறைகளும் வந்தன. இவை இணைப்பை ஒன்றாக்கின, பேச்சை ஒன்றாக்கவில்லை. 7/2 என்று கேட்டால் போஸ்ட்கிரஸ், எஸ்க்யூஎல் சர்வர், எஸ்க்யூலைட் ஆகிய மூன்று தரவுத்தள மென்பொருள்களும் 3 என்று சொல்லும். ஆரக்கிளும் மைஎஸ்க்யூஎல்லும் 3.5 என்று சொல்லும். ஆரக்கிளில் வெற்றுச் சரமும் (ஓர் எழுத்தும் இல்லாத சொல்) ‘நல்’லும் (மதிப்பே இல்லை என்ற குறி) ஒன்றே, மற்றவற்றில் வேறு வேறு. மைஎஸ்க்யூஎல்லில் டேபிள் பெயர் கோப்புப் பெயராகவும் ஆவதால், விண்டோஸில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து பார்க்காமல் ஓடிய நிரல் லினக்ஸில் ‘டேபிளே இல்லை’ என்று நிற்கும். இந்தக் கடைசி வகைப் பிழை எனக்குப் பிடிக்கும். கத்திவிட்டு நிற்கிறதே! 7/2 கத்தாது.

கத்தாதவற்றில் மோசமானது வரிசை. எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் ஆஸ்கி முறையில் எண்கள் முதலில், பிறகு ஆங்கிலப் பெரிய எழுத்து, பிறகு சின்ன எழுத்து. மெயின்பிரேமின் எப்சிடிக் முறையில் இது அப்படியே தலைகீழ். வேறு கணினிக்குப் போனால்தான் இந்தத் தொல்லை என்று நினைக்க வேண்டாம். சொற்களை எப்படி வரிசைப்படுத்துவது என்று போஸ்ட்கிரஸ் வழக்கமாக இயங்குதளத்தின் சி நூலகத்தைத்தான் (எல்லா நிரல்களுக்கும் பொதுவான அடிப்படை நிரல் தொகுப்பு) கேட்கும். 2018இல் லினக்ஸின் சி நூலகமான ஜிலிப்சியின் 2.28ஆம் பதிப்பு வெளியானபோது அந்த வரிசை விதிகள் மாறின. பழைய விதிப்படி அடுக்கிய இண்டெக்ஸில் (விரைவாகத் தேடுவதற்காக முன்பே வரிசைப்படுத்தி வைத்த பட்டியல்) புதிய விதிப்படி தேடினால், தேடல் தவறான கிளையில் இறங்கும். இருக்கிற பதிவு இல்லை என்று வரும். ஒருமுறைதான் வரலாம் என்ற மதிப்பு இருமுறை நுழைந்துவிடும். அதே கணினி, அதே தரவுத்தளப் பதிப்பு. இயங்குதளம் மட்டும் புதிது. இண்டெக்ஸை முதலிலிருந்து கட்டுவதுதான் வைத்தியம்.

போஸ்ட்கிரஸ் அந்தப் பொறுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக இயங்குதளத்திடமிருந்து பிடுங்கி வருகிறது. 2017இல் வந்த 10ஆம் பதிப்பில், பல மொழிகளின் வரிசை விதிகளைக் கொண்ட ஐசியூ நூலகத்தைப் பயன்படுத்தும் வசதி சேர்ந்தது. 2024இல் வந்த 17ஆம் பதிப்பு சொந்த வரிசை முறை ஒன்றையே கொண்டுவந்தது. அது யூனிகோட் எண்படி அடுக்கும், எந்தத் தளத்திலும் மாறாது. ஆனால் யூனிகோட் எண் தமிழ் அகராதி வரிசை அல்ல: ‘ன’ ‘ந’வுக்கு அடுத்து வந்துவிடும், ‘ழ’ ‘வ’வை முந்தும், ‘க்’ ‘கௌ’வுக்குப் பின்னால் போய் நிற்கும். அதனால் தேடலுக்கான இண்டெக்ஸை இந்த மாறாத வரிசையில் வைத்துவிட்டு, திரையில் பட்டியலாகக் காட்டும்போது மட்டும் ஐசியூவின் தமிழ் வரிசையைக் கேட்பது நல்லது. அப்போது நூலகம் மாறினால் பட்டியலில் ஓரிரு பெயர்கள் இடம் மாறுமே தவிர, பதிவுகள் காணாமல் போகாது.