பழைய பிராசஸரைத் திசை மாற்றிச் செருகும் முன்

பழுதுபார்க்க என் மேசைக்கு வரும் பழைய கணினி போர்டுகளில் எல்லாமே வயதாகிச் செத்தவை அல்ல. நாற்பது வருடம் ஒரு குறையும் இல்லாமல் ஓடிய போர்டை யாரோ ஆசையாகச் சுத்தம் செய்திருப்பார்கள். பிராசஸரைக் கழற்றிப் பின்களைத் துடைத்து, திரும்பச் செருகும்போது திசை மாறியிருக்கும். அப்படியே பவர் கொடுத்திருப்பார்கள். தெரிந்தவர்களுக்கும் இது நடக்கிறது.

காரணம் அந்தக் கால சிப்பின் வடிவம். 40 பின் சிப் என்றால் பக்கத்துக்கு 20 பின், எல்லாம் ஒரே இடைவெளி. எப்படித் திருப்பி வைத்தாலும் சாக்கெட் ஏற்றுக்கொள்ளும். திசையைச் சொல்வது ஒரு முனையில் உள்ள சின்ன அரைவட்ட வெட்டு மட்டும்தான். வெட்டை மேலே வைத்துப் பார்த்தால் இடது மேல் மூலையில் இருப்பது 1ஆம் பின். இடப்பக்கம் கீழே இறங்கி, வலப்பக்கம் மேலே ஏறி எண்ண வேண்டும். திருப்பிச் செருகினால் 1ஆம் பின் 21இன் இடத்துக்கும், 20ஆம் பின் 40இன் இடத்துக்கும் போகும்.

இன்டெல் 8088 பிராசஸரில் 20ஆம் பின் கிரவுண்ட் (மின்சாரம் திரும்பிப் போகும் பக்கம்), 40ஆம் பின் 5 வோல்ட். அதாவது திருப்பிச் செருகினால் மின்சாரம் நேர் எதிராகப் பாய்கிறது. சிலிக்கனுக்குள் சாதாரணமாக அடைத்தே இருக்கும் டயோடு சந்திப்புகள் (மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடுபவை) எல்லாம் ஒரே நேரத்தில் திறந்துகொள்ளும். பவர் சப்ளை எவ்வளவு கொடுக்குமோ அவ்வளவு மின்னோட்டமும் சிப் வழியாக ஓடும். சில விநாடிகளில் தொட முடியாத சூடு. உள்ளே தலைமுடியைவிட மெல்லிய இணைப்புக் கம்பிகள் உருகினால் அதோடு முடிந்தது. 1981இல் வந்த ஐபிஎம் பிசியில் 8088க்குப் பக்கத்திலேயே 8087 என்ற கணக்குத் துணை சிப்புக்கான காலி சாக்கெட் இருக்கும். 8087க்கும் மின்சாரப் பின்கள் இதே இடத்தில்தான், ஆகவே அதற்கும் இதே கதிதான்.

"நான் திருப்பிப் போட்டேன், ஒன்றும் ஆகவில்லையே" என்று சிலர் சொல்வார்கள். அதுவும் உண்மையாக இருக்கலாம். 6502 என்ற பிராசஸரில் 1, 21ஆம் பின்கள் இரண்டுமே கிரவுண்ட், திருப்பினாலும் கிரவுண்ட் கிரவுண்டிலேயே விழும். 5 வோல்ட் மட்டும் 8ஆம் பின்னுக்குப் பதில் 28ஆம் பின்னுக்கு, அதாவது டி5 டேட்டா லைனுக்கு (தரவு போகும் இணைப்புகளில் ஒன்று) போகும். இசட்80 என்ற பிராசஸரில் 5 வோல்ட் 11ஆம் பின்னில், கிரவுண்ட் 29ஆம் பின்னில். திருப்பினால் 5 வோல்ட் ஏ1 அட்ரஸ் லைனிலும் (நினைவக முகவரியைச் சொல்லும் இணைப்பு), கிரவுண்ட் டி5இலும் போய்ச் சேரும். இப்படிப்பட்ட சிப் உடனே நிறுத்தினால் சில சமயம் பிழைக்கும். 8080 என்ற பிராசஸரின் நிலைமை வேறு. அதற்கு 12 வோல்ட்டும் வேண்டும். திருப்பினால் அந்த 12 வோல்ட் நேரே டி2 லைனில் இறங்கும். ஒருவருடைய சிப் பிழைத்ததை வைத்து உங்கள் சிப்பும் பிழைக்கும் என்று நம்ப வேண்டாம்.

பிராசஸரைவிட எனக்கு அதிகக் கவலை ரோம் பற்றி, அதாவது போர்டின் நிரலை நிரந்தரமாக வைத்திருக்கும் சிப் பற்றி. 2716 போன்ற ஈப்ராமில் (அழித்துத் திரும்ப எழுதக்கூடிய ரோம்) 12ஆம் பின் கிரவுண்ட், 24ஆம் பின் 5 வோல்ட், திருப்பினால் முழு எதிர்த்திசை. வேறு 8088 தேடினால் கிடைக்கும். அரிய போர்டு ஒன்றின் ரோமில் இருந்த நிரல் வேறெங்கும் பிரதி இல்லாமல் போனால், அது போனதுதான். கழற்றிய கையோடு முதலில் அதைப் படித்துப் பிரதி எடுத்துவிடுங்கள்.

கண்ணை மட்டும் நம்பினால் ஏமாற்றும் இடங்கள் பல. பிளாஸ்டிக் சிப்பின் மேல் அச்சு வார்ப்பில் விழுந்த வட்டத் தடங்களை 1ஆம் பின் புள்ளி என்று நினைத்துவிடுவார்கள். ஸ்டிக்கரைத் தலைகீழாக ஒட்டியிருப்பார்கள். பக்கத்து சிப்கள் பார்க்கும் திசையிலேயே இதுவும் இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. எல்லாவற்றிலும் மோசம், முன்பு யாரோ சாக்கெட்டையே திருப்பிச் சால்டர் செய்திருப்பது. 168 பின் உள்ள 486 பிராசஸரில் சிப் சதுரம் என்பதால், பழைய சாக்கெட்டுகளில் நான்கு திசையிலும் உட்காரும். அங்கே வெட்டுப்பட்ட மூலைதான் அடையாளம்.

அதனால் கழற்றும் முன் ஒரு போட்டோ, செருகும் முன் ஒரு மல்டிமீட்டர். பவரைத் துண்டித்துவிட்டு மீட்டரைக் கன்டினியூட்டியில் (இரண்டு இடங்களுக்கு இடையே இணைப்பு இருந்தால் பீப் சொல்லும் நிலை) வையுங்கள். ஒரு முனை பவர் கனெக்டரின் கிரவுண்டில், மறுமுனை சாக்கெட்டில் கிரவுண்ட் இருக்க வேண்டிய துளையில். பீப் வந்தால் சரி. அப்புறம் 5 வோல்ட்டுக்கும் அதே சோதனை. 6502 சாக்கெட்டில் கிரவுண்டை மட்டும் பார்த்து நிறுத்திவிடாதீர்கள், எந்தத் திசையிலும் அது பீப் சொல்லும். 8ஆம் துளையில் 5 வோல்ட் வருகிறதா என்பதுதான் அங்கே கேள்வி.

ஏற்கெனவே திருப்பிச் செருகிப் பவரும் கொடுத்தாகிவிட்டதா? உடனே அணையுங்கள். சிப்பை விரலால் தொடாதீர்கள், சுடும். ஆறியதும் கழற்றுங்கள். நல்ல சிப்பை உடனே செருகும் அவசரம் வேண்டாம். காலி சாக்கெட்டுடன் 5 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் இடையே ஷார்ட் இருக்கிறதா என்று அளந்து, இல்லையென்றால் மட்டும் பவர் கொடுத்து, உரிய துளையில் 5 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். டேட்டா லைன்களில் சிக்னலை ஓட்டும் பஃபர் என்ற துணை சிப்களும் அடிவாங்கியிருக்கலாம், அவற்றையும் சோதியுங்கள். கழற்றிய பிராசஸரின் மேல் "சந்தேகம்" என்று எழுதித் தனியே வையுங்கள். அதை இன்னொரு அரிய போர்டில் போட்டுச் சோதிக்க வேண்டாம்.