இரணைமடுவின் இரண்டு அடி: வெளிநாட்டுப் பணம் எப்படி வயலுக்குள் வருகிறது

காலபோக (மாரிகால நெற்செய்கை) அறுவடை முடியும் தறுவாயில் வட இலங்கையின் கிளிநொச்சியில் ஆண்டுதோறும் ஒரு கூட்டம் கூடும். இரணைமடுக் குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்று நீர்ப்பாசனப் பொறியியலாளர் சொல்வார். அதை வைத்து எத்தனை ஏக்கரில் சிறுபோகம் (கோடைகால நெற்செய்கை) செய்யலாம் என்று கமக்காரர் அமைப்புகளும் அதிகாரிகளும் பேசி முடிவெடுப்பார்கள். மாரி மழை காலபோகத்தைத் தாங்கிவிடும். சிறுபோகத்துக்குக் குளத்துத் தண்ணீரை விட்டால் வேறு வழியில்லை. ஏக்கருக்கு ஏறக்குறைய 5 ஏக்கர் அடி தண்ணீர் வேண்டும், அதாவது ஒரு ஏக்கர் நிலத்தில் ஐந்து அடி உயரத்துக்கு நிற்கக்கூடிய அளவு. வாய்க்காலில் கசிவதும் வெயிலில் ஆவியாவதும் இதற்குள் அடக்கம்.

போருக்குப் பின்னர் வந்த வெளிநாட்டு நிதியில், இந்தக் கணக்கை நேரடியாக மாற்றிய வேலை இரணைமடுவின் கட்டையும் வான்கதவுகளையும் (மிகைநீரை வெளியே விடும் கதவுகள்) இரண்டு அடி உயர்த்தியதுதான். கொள்ளளவு 131 மில்லியன் கனமீற்றரிலிருந்து 148 மில்லியனுக்கு ஏறியது. கூடியது 17 மில்லியன். ஏக்கர் அடியில் சொன்னால் ஏறத்தாழ 13,800. ஐந்தால் வகுத்தால், குளம் நிரம்பும் ஆண்டில் 2,700 ஏக்கருக்கு மேலதிகச் சிறுபோகம். ஏக்கருக்கு ஒன்றரைத் தொன் என்று குறைத்துப் பிடித்தாலும் நாலாயிரம் தொன் நெல். குளம் நிரம்பாத ஆண்டில் அந்த இரண்டு அடி வெறும் மண்கட்டுத்தான்.

ஏழை நாடுகள் எப்படி வளர்கின்றன என்பதற்கு 1950களில் பொருளியலாளர்கள் ஒரு எளிய கணக்கு வைத்திருந்தார்கள். ஒரு ரூபா வருமானத்தைக் கூட்ட ஏறக்குறைய நான்கு ரூபா முதலீடு தேவை. ஆண்டுக்கு 6 வீதம் வளர வேண்டுமானால் தேசிய வருமானத்தில் 24 வீதத்தை முதலிட வேண்டும். மக்களின் சேமிப்பு 14 வீதம் என்றால் மிச்சம் 10 வீதத்தை வெளியிலிருந்து நிரப்பினால் போதும். வெளிநாட்டு உதவியின் பெரும்பகுதி இந்தத் துண்டுவிழும் தொகையை நிரப்பும் நினைப்பிலேயே கொடுக்கப்பட்டது. கணக்குக்குள் ஒரு ஓட்டை இருந்தது. நான்கு ரூபா முதலீடு எங்கே போட்டாலும் ஒரு ரூபாவைக் கொண்டுவரும் என்று அது எடுத்துக்கொண்டது. துருசிலிருந்து (குளத்து மதகு) கடைசி வயல் வரை வாய்க்கால் துப்புரவாக இல்லாவிட்டால், கட்டை உயர்த்தப் போட்ட பணம் தலைவாய்க்கால்காரனுக்கு மட்டுமே நெல்லாகும். கடைவாய்க்கால்காரனின் காணி தரிசாகவே கிடக்கும்.

பணம் எந்த வடிவில் வருகிறது என்பதும் முக்கியம். ‘வெளிநாட்டு உதவி’ என்றதும் பலரும் இனாம் என்று நினைக்கிறார்கள். இரணைமடு வேலைக்குச் சர்வதேச விவசாய அபிவிருத்தி நிதியமும், யாழ்ப்பாணம் - கிளிநொச்சி குடிநீர்த் திட்டத்துக்கு ஆசிய அபிவிருத்தி வங்கியும் தந்தவற்றில் பெரும்பகுதி கடன். அக்காலத்தில் ஆசிய அபிவிருத்தி வங்கியின் சலுகைக் கடனுக்கு வழமையான நிபந்தனை இது: தவணை 32 ஆண்டு, முதல் 8 ஆண்டு கடன்தொகையைக் கட்டத் தேவையில்லை, அந்தக் காலத்தில் வட்டி 1 வீதம், பிறகு 1.5 வீதம். எந்த வணிக வங்கியும் இப்படிக் கொடுக்காது. ஆனால் கடன் ரூபாவில் அல்ல, வெளிநாட்டு நாணயக் கணக்கில் இருக்கிறது. 2010இல் ஒரு டொலர் ஏறக்குறைய 113 ரூபா. 2024இல் 300 ரூபா. பத்து இலட்சம் டொலர் கடனை அன்று 11 கோடி ரூபாவுக்கு மாற்றிக் கட்டு கட்டினோம் என்றால், கடன்தொகையை மட்டும் திருப்ப 2024 கணக்கில் 30 கோடி வேண்டும். வட்டி குறைவு என்பதால் இந்தப் பாரம் குறைவதில்லை. நெல்லை ரூபாவுக்கு விற்கிற ஊருக்காக டொலரில் கடன் வாங்கினால், இடையிலுள்ள நட்டத்தைத் திறைசேரி சுமக்கிறது. பிறகு அது வரியாகவும் விலையேற்றமாகவும் எல்லோர் தலையிலும் இறங்குகிறது.

இலங்கை 1997இல் நடுத்தர வருமான நாடுகளின் பட்டியலுக்குள் ஏறியது. அதன்பின் சலுகைக் கடன் சிறுகச் சிறுகக் குறைய, 2007இலிருந்து சர்வதேசச் சந்தையில் வணிகக் கடன்முறிகள் (கடன் பத்திரங்கள்) விற்கப்பட்டன. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாதென்று நாடு அறிவித்தது. அந்த ஆண்டு இறுதியில் உலக வங்கி தன் சலுகை நிதியத்தின் கதவை மீண்டும் திறந்துவிட்டது.

இரணைமடுவில் பணம் வந்தபிறகு சிக்கியது தண்ணீரின் உரிமையில். யாழ்ப்பாணத்துக் கிணறுகளில் உவரும் நைத்திரேற்றும் ஏறிவிட்டன. அங்கே குடிநீர் உண்மையான தேவை. உயர்த்திய குளத்திலிருந்து ஒரு பங்கைக் குழாயில் வடக்கே கொண்டுபோவதென்று 2010இல் திட்டம் போடப்பட்டது. கிளிநொச்சிக் கமக்காரர்கள் எதிர்த்தார்கள். அவர்கள் வாதம் எளிமையானது: குளம் நிரம்பும் ஆண்டில் எல்லோருக்கும் தண்ணீர் இருக்கும், நிரம்பாத ஆண்டில் முதலில் யாருக்கு? குடிநீர் என்றால் அதற்கே முன்னுரிமை, அப்போது சிறுபோகம் போய்விடும். சராசரி ஆண்டை வைத்து வரைந்த திட்டம், வறட்சி ஆண்டில் வெட்டுவது யாருடைய பங்கை என்பதற்கு அவர்கள் ஏற்கும்படி ஒரு விதியைத் தரவில்லை. நட்டஈடு எவ்வளவு, யார் கொடுப்பது, எந்த நீர்மட்டத்துக்குக் கீழே குழாயை மூடுவது என்பவை கடன் ஒப்பந்தத்துக்கு முன்னரே கமக்காரரோடு எழுதி முடித்திருக்க வேண்டியவை.

விளைவு: இரணைமடுத் தண்ணீருக்குப் பதிலாக, குடிநீருக்கு வடமராட்சி கிழக்கில் தாளையடியில் கடல்நீரைச் சுத்திகரிக்கும் நிலையம் கட்டப்பட்டு, 2024 ஓகஸ்டில் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர். கடல்நீரை மென்சவ்வுக்கூடாக அழுத்தித் தள்ள ஒரு கனமீற்றருக்கு 3 முதல் 4 யூனிற் மின்சாரம் வேண்டும். முழு அளவில் ஓடினால் நாளுக்கு 72,000 முதல் 96,000 யூனிற். ஆற்றுத் தண்ணீரை வடித்துக் குடிநீராக்குவதற்கு இதில் சிறு பங்கே போதும். உள்ளே எடுக்கும் கடல்நீரில் பாதிக்கும் மேல், உப்புச் செறிந்து மீண்டும் கடலுக்குப் போகிறது. மருதங்கேணிப் பக்கத்து மீனவர்கள் அதற்குத்தான் பயந்தார்கள். கட்டுமானச் செலவைக் கடன் பார்த்துக்கொள்ளும். மின்கட்டணத்தையும் மென்சவ்வு மாற்றும் செலவையும் ஒவ்வொரு மாதமும் தண்ணீர்ச் சபையே கட்ட வேண்டும். எந்த உதவித் திட்டத்தையும் எடைபோடும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுவென்று நினைக்கிறோம்: கொடுத்தவர் போனபின் மாதச் செலவு யார் கையில்?

குளத்துக்கும் மாதச் செலவு உண்டு. கட்டில் முளைக்கும் மரங்களை இளசிலேயே பிடுங்க வேண்டும். வேர் உக்கினால் அந்தத் துளைவழியே கசிவு தொடங்கும். கறையான் புற்றையும் எலி வளையையும் கிண்டி மண் அடித்து இறுக்க வேண்டும். வான்கதவை எப்போது, எத்தனை அங்குலம் திறப்பது என்ற விதியும் பராமரிப்பில் சேர்த்திதான். கட்டு உயர்த்திய இரணைமடு 2018 டிசம்பரில் திறந்துவைக்கப்பட்டது. அதே மாதம் பெருமழையில் கீழ்ப்புறக் கிராமங்கள் வெள்ளத்தில் மூழ்கின. கதவுகள் திறந்த நேரம் பற்றிக் கேள்வி எழுந்தது. குளத்தை விளிம்புவரை நிரப்பினால் சிறுபோகம் பெருகும், ஆனால் வரும் வெள்ளத்தை வாங்கிக்கொள்ள இடம் இராது.

இனி நெல். காலபோக நெல்லை இயந்திரம் ஒரே நேரத்தில் வெட்டித் தள்ளுகிறது. வெட்டும்போது ஈரப்பதன் 20 வீதத்துக்கு மேல். பூஞ்சை பிடிக்காமல் சேமிக்க 14 வீதத்துக்கு இறக்க வேண்டும். 22 வீத ஈரமுள்ள 1,000 கிலோ நெல் காய்ந்தால் 907 கிலோ. குறைகிற 93 கிலோவும் தண்ணீர். வியாபாரி அதற்கு மேலும் கழிப்பார். ஈரமானி அவர் கையில், தராசும் அவர் கையில். காயப்போட இடமில்லாததால் வீதியோரத்துத் தாரில் நெல் பரவிக் கிடப்பதை வன்னியில் எங்கும் காணலாம். கையில் வேறு காசில்லாத கமக்காரர் ஈரத்தோடேயே விற்கிறார். லொறி பொலநறுவை ஆலைகளுக்குப் போகிறது. சில மாதம் கழித்து அதே நெல் பொதிசெய்த அரிசியாகக் கிளிநொச்சிக் கடைக்குத் திரும்புகிறது.

இந்தப் போக்குவரத்தில் இழப்பது எவ்வளவு? ஊருக்குள் வரும் ஒவ்வொரு ரூபாவிலும் 40 சதம் மறுபடி ஊருக்குள்ளேயே செலவானால், நூறு ரூபா சுற்றிச் சுற்றி மொத்தம் 167 ரூபா வருமானமாகும். 70 சதம் தங்கினால் 333 ரூபா. உதவித் தொகையை இரட்டிப்பாக்குவதும் ஊரில் தங்கும் பங்கை இப்படிக் கூட்டுவதும் ஒரே பலனைத் தரும். இரண்டாவதற்கு வெளிநாட்டுக் கடன் தேவையில்லை.

போருக்குப் பின் இந்திய அரசு நிதியளித்த வீட்டுத்திட்டத்தை இந்தக் கணக்கோடு பார்க்கலாம். வீடொன்றுக்கு ஐந்தரை இலட்சம் ரூபா, குறைந்தது 550 சதுர அடி, வேலை நகர நகரக் கட்டம் கட்டமாகக் குடும்பத்தின் வங்கிக் கணக்குக்கே பணம். ஒப்பந்தகாரரிடம் கொடுக்காமல் குடும்பத்தின் கையில் கொடுத்தது சரியான முறை. மேசன் கூலி ஊருக்குள் நின்றது. சீமெந்துக் காசும் கம்பிக் காசும் தெற்கே போயின. ஆயிரக்கணக்கான வீடுகள் ஒரே காலத்தில் எழும்பும்போது மணலும் கல்லும் மேசன் கூலியும் ஏறும். தொகை ஏறாது. அத்திவாரத்தைப் பெரிதாக இழுத்தவர்கள் கூரைக்கு நகையை அடகு வைத்தார்கள்.

அடகுக்குப் பிறகு நுண்கடன். நெற்காசு ஆண்டுக்கு இரண்டு முறை வரும். தவணையை வாரந்தோறும் கேட்டார்கள். 50,000 ரூபாவுக்கு ‘24 வீத’ மாறா வட்டி (தொடக்கத் தொகை முழுவதற்கும் கணக்கிடும் வட்டி) என்றால் ஆண்டுக்கு 12,000. ஆனால் கடன்தொகை வாரந்தோறும் குறைவதால் சராசரியாகக் கையில் இருப்பது 25,000தான். உண்மை வட்டி 40 வீதத்துக்குக் குறையாது. ஒரு கடனை அடைக்க இன்னொன்று எடுக்கப்பட்டது. 2018இல் வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்கள் எடுத்த, ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களை அரசு தள்ளுபடி செய்து, வட்டிக்கு 35 வீத உச்சவரம்பும் வைத்தது.

இன்று வன்னிக்கு ஒரு தொகை கிடைத்தால் அதை எங்கே போடுவது? எங்கள் தெரிவு பெரிய கட்டு அல்ல. ஒரு கமக்காரர் அமைப்புக்கு ஒரு சீமெந்துக் களம், ஒரு ஈரமானி, முத்திரையிட்ட தராசு, நூறு தொன் கொள்ளும் களஞ்சியம். அதோடு, களஞ்சியத்தில் வைத்த நெல்லை ஈடாக எடுத்து, நெல் விற்றதும் அடைக்கும் கடன். ஈரமானியை ஆண்டுக்கொருமுறை சரிபார்க்க வேண்டும், களஞ்சியத் தரையைப் பலகை போட்டு உயர்த்த வேண்டும், எலி ஏறும் வழிகளை அடைக்க வேண்டும். அந்தச் செலவை மூட்டைக்கு இத்தனை ரூபா என்று அமைப்பே அறவிடலாம்.