கேமுக்கு வந்த விருந்தாளியும் மாந்தோப்புக் குத்தகையும்

கிருஷ்ணகிரியில் வக்கீல் தொழில் செய்பவர்களுக்கு மாந்தோப்புக் குத்தகைப் பத்திரம் தண்ணீர் பட்ட பாடு. பூப்பிடிக்கும்போதே வியாபாரி தோப்பைச் சுற்றிப் பார்ப்பார், இத்தனை மகசூலுக்கு இவ்வளவு என்று பேசி முன்பணம் கொடுப்பார். காய் அவருக்கு, மரம் தோப்புக்காரருக்கு. கெடு முடிந்த பிறகு காய் பறித்தால் வழக்குதான்.

காவேரிப்பட்டணம் பக்கத்திலிருந்து ஒரு தம்பி அப்பாவோடு என் அலுவலகத்துக்கு வந்தார். நன்றாகப் படம் வரைபவர். அவர் உருவாக்கி இன்ஸ்டாகிராமில் போட்டுவந்த ஒரு வீரனை, தங்கள் மொபைல் சண்டை கேமில் கெஸ்ட் கேரக்டராக, அதாவது வேறு இடத்திலிருந்து வந்து ஆடும் விருந்தாளிப் பாத்திரமாகச் சேர்க்க ஒரு நிறுவனம் கேட்டிருந்தது. இரண்டே பக்கம் ஆங்கில ஒப்பந்தம். கையெழுத்துப் போடலாமா என்பதுதான் கேள்வி. (இருவரும் சம்மதித்த பிறகே இதை எழுதுகிறேன்.)

அப்பா தோப்பு வைத்திருப்பவர். "நம்ம தோப்பைக் குத்தகைக்கு விடுற மாதிரிதானே சார்?" என்றார்.

படித்து முடித்துவிட்டு, "இல்லைங்க, இது கிரயம்" என்றேன். எல்லா ஊடகங்களிலும், உலகம் முழுக்க, நிரந்தரமாக, வேறு யாருக்கும் மாற்றித் தரும் உரிமையோடு என்று எழுதியிருந்தது. பெயர் மட்டும் லைசென்ஸ்.

தம்பிக்குச் சண்டை கேம்கள் அத்துபடி. அதனால் அவருக்குத் தெரிந்த கேம்களை வைத்தே பேசினோம். 2003-இல் வீட்டுக் கன்சோல்களுக்கு (டிவியில் இணைத்து கேம் ஆடும் கருவிகள்) வந்த சண்டை கேம் சோல்காலிபர் 2-வில் ஒவ்வொரு கன்சோலுக்கும் ஒரு விருந்தாளி. நிண்டெண்டோவின் கேம்கியூபில் ஸெல்டா கேம்களின் நாயகன் லிங்க், பிளேஸ்டேஷன் 2-இல் டெக்கன் கேமின் ஹெய்ஹாச்சி, எக்ஸ்பாக்ஸில் காமிக்ஸ் நாயகன் ஸ்பான். பத்து வருடம் கழித்து, 2013-இல், அதே கேம் மெருகேற்றப்பட்டு பிளேஸ்டேஷன் 3-க்கும் எக்ஸ்பாக்ஸ் 360-க்கும் வந்தது. ஹெய்ஹாச்சி இருந்தார், ஸ்பான் இருந்தார், லிங்க் இல்லை. லிங்க் நிண்டெண்டோவின் சொத்து, கேம் வந்ததோ போட்டியாளர்களின் கன்சோல்களில். கேமை உருவாக்கிய நாம்கோவே நினைத்தாலும் தன் பழைய கேமை முழுசாகத் திரும்பத் தர முடியவில்லை.

மார்வெல் வெர்சஸ் கேப்காம் 2-இன் கதை இன்னும் வலி. 2000-இல் வந்த அந்த கேமில் 56 பாத்திரங்கள், பாதிப்பேர் காமிக்ஸ் நிறுவனமான மார்வெலுடையவர்கள், மீதிப்பேர் கேமை உருவாக்கிய கேப்காமுடையவர்கள். 2009-இல் டிஜிட்டலில் மறுபடி விற்பனைக்கு வந்தது. லைசென்ஸ் முடிந்ததால் 2013 டிசம்பரில் ஆன்லைன் கடைகளிலிருந்து நீக்கப்பட்டது. கேப்காமின் சொந்தப் பாத்திரமான ரியூவும் அந்த கேமோடு சேர்ந்து உள்ளே மாட்டிக்கொண்டார். 2024 செப்டம்பரில் ஒரு தொகுப்பின் பகுதியாகத்தான் அது திரும்ப வந்தது. ஒரு தலைமுறை ரசித்த கேமைச் சின்னப் பையன்கள் பத்து வருடத்துக்கு மேல் ஆன்லைன் கடைகளில் வாங்க முடியாமல் இருந்ததை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

காலமும் கன்சோலும் மட்டுமில்லை. விருந்தாளி எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதும் உரிமையாளரின் கையில் இருக்கும். 2008-இல் மோர்ட்டல் காம்பாட் சண்டை கேமின் வீரர்களும் டிசி காமிக்ஸ் பாத்திரங்களும் மோதிய கேமில் பேட்மேனும் சூப்பர்மேனும் எதிராளியைக் கொல்ல மாட்டார்கள். மோர்ட்டல் காம்பாட் என்றாலே கொடூரமான முடிவு அடிகள்தான், இருந்தும் டிசி நாயகர்களுக்காக உயிர் போகாத வேறு முடிவு அடிகளை உருவாக்க வேண்டியிருந்தது. மோர்ட்டல் காம்பாட் 11-இல் வரும் டெர்மினேட்டருக்கு அர்னால்டின் முகம், குரல் வேறொருவருடையது. அதே கேமில் ராம்போவுக்கு ஸ்டாலோனே பேசினார். முகம் ஒரு உரிமை, குரல் தனி உரிமை. இதைச் சொன்னபோது தம்பி தன் ஒப்பந்தத்தை வாங்கி மறுபடி படித்தார். அவர் வீரனுக்கு அவரே பேசி ரீல்ஸ் போட்டிருக்கிறார். அந்தக் குரலும் அதே ஒரு வரியில் போயிருந்தது.

இனி நம் நாட்டுச் சட்டம். பலரும் காப்புரிமை என்கிறார்கள், ஆனால் அந்தச் சொல் கண்டுபிடிப்புக்கான பேடண்டைக் குறிக்கும். படத்துக்கும் பாத்திரத்துக்கும் உரியது பதிப்புரிமை. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு உரிமை மாற்றத்துக்கு விதி சொல்கிறது. 30ஏ பிரிவின் வழியாக அது லைசென்ஸுக்கும் பொருந்தும். எந்தப் படைப்பு, என்னென்ன உரிமை, எத்தனை காலம், எந்த எல்லைக்குள் என்று எழுத வேண்டும். காலம் எழுதாவிட்டால் ஐந்து வருடம் என்று கொள்ளப்படும். எல்லை எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். வாங்கியவர் ஒரு வருடத்துக்குள் அந்த உரிமையைப் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறுவிதமாக இல்லையென்றால், அது காலாவதியாகும். ஆக, ஒன்றும் எழுதாமல் விட்ட இடத்தில் சட்டம், படம் வரைந்தவரின் பக்கம் நிற்கிறது. 'நிரந்தரமாக, உலகம் முழுக்க' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டால் அந்தத் துணை போய்விடும். அதனால்தான் அந்த வார்த்தைகளைப் பார்த்தாலே நிறுத்திப் படியுங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன்.

ஓசூரிலிருந்து தினமும் பெங்களூரு ஸ்டுடியோக்களுக்குப் போய் வருபவர்களுக்கு ஒரு விஷயம்: வேலையின் பகுதியாக வரைந்தது, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதலாளிக்கே சொந்தம். சொந்தமாக வரைவதை வீட்டில், சொந்தக் கம்ப்யூட்டரில், தேதியோடு வையுங்கள்.

வாங்கி ஆடுகிறவர்கள் பக்கமும் ஒன்று உண்டு. ஜப்பானிய காமிக்ஸ் நாயகர்களான நருட்டோ, கோகு, லூஃபி எல்லாம் ஒன்றாக வந்த ஜம்ப் ஃபோர்ஸ் என்ற சண்டை கேம் 2019 பிப்ரவரியில் வெளியானது, 2022 பிப்ரவரியில் டிஜிட்டல் விற்பனை நின்றது. ஏற்கெனவே வாங்கியவர்கள் ஆஃப்லைனில் தொடர்ந்து ஆட முடிந்தது. தம்பியின் வீரனைக் காசு கொடுத்து வாங்கப்போகிறவர்களுக்கும் அதே நியாயம் வேண்டும் என்று நினைத்தேன்.

சரி, ஒப்பந்தத்தைத் திருத்தி அனுப்பினோம். இந்த ஒரு கேம் மட்டும், மொபைல் மட்டும், மூன்று வருடம். அடுத்த பாகத்துக்குத் தனிப் பேச்சு. குரலுக்குத் தனித் தொகை. புது உடையோ புது அடியோ சேர்த்தால் தம்பியிடம் காட்டிச் சம்மதம் வாங்க வேண்டும். கெடு முடிந்ததும் புதிதாக விற்கக் கூடாது, ஆனால் வாங்கியவர்களிடமிருந்து பறிக்கவும் கூடாது.

மூன்று வாரம் பதில் இல்லை. கை நழுவிவிட்டதோ என்று அப்பா இரண்டு முறை போன் செய்தார். நானும் கவலைப்பட்டேன். பிறகு பதில் வந்தது. உடை விஷயத்தில் சம்மதம் கேட்க மாட்டோம், வரைந்ததும் காட்டுவோம் என்றார்கள். மற்றதெல்லாம் ஒப்புக்கொண்டார்கள். தம்பி ஒரு நாள் யோசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அப்பா கெடு முடியும் தேதியைக் கேட்டு, தோப்புக் கணக்கு எழுதும் நோட்டிலேயே குறித்துக்கொண்டார்.