அரிப்பு எங்கே தொடங்கியது? கோடை லெகிங்ஸ் முதல் முகூர்த்தக் கால ஜிமிக்கி வரை

சித்திரை, வைகாசியில் தொடையிடுக்கிலும் இடுப்பைச் சுற்றியும் படர்தாமரை. ஐப்பசி மழையில் கால் விரலிடுக்கில் சேற்றுப்புண். தை பிறந்து முகூர்த்தங்கள் தொடங்கியதும் காது மடலும் கழுத்தும். தோல் சிகிச்சைப் பிரிவுக்கு வரும் பெண்களின் தொந்தரவு பருவத்துக்குப் பருவம் இப்படித்தான் இடம் மாறுகிறது. துணிக்கடைகளின் சீசன் விளம்பரங்களை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டும் பெரும்பாலும் பொருந்திப்போகும். ஆனால் வருகிறவர்கள் காரணமாகச் சொல்வது கத்தரிக்காய், கருவாடு, உடம்புச் சூடு.

படும் பொருளால் வரும் தோல் தொந்தரவு தன் காரணத்தைத் தோலிலேயே வரைந்து வைத்திருக்கும். அதனால் எங்கள் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: அரிப்பு முதன்முதலில் எந்த இடத்தில் வந்தது, அந்த இடத்தில் என்ன பட்டுக்கொண்டிருந்தது? இதை வீட்டிலேயே கேட்டுக்கொண்டால் பாதி வேலை முடிந்துவிடும்.

கோடை: துணியும் இறுக்கமும்

பஞ்சாலைக்காரர்கள் நூலை எடைபோடும்போது, அது காற்றிலிருந்து எவ்வளவு ஈரம் வாங்கும் என்று ஒரு கணக்கு வைத்திருப்பார்கள். பாலியெஸ்டர் தன் எடையில் 0.4 சதவீதம், நைலான் 4, பருத்தி சுமார் 8, ரேயான் எனும் விஸ்கோஸ் 11 முதல் 13. கோடைத் துணி வாங்க இந்த நான்கு எண்கள் போதும். ரேயானைச் 'செயற்கை' என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. அது மரக்கூழிலிருந்து வருவது, வியர்வையை நன்றாகவே வாங்கும். துவைத்தால் சுருங்கும், ஈரத்தில் பலம் குறையும். அது தையல்காரரின் கவலை, தோலுக்குக் கெடுதல் இல்லை. 'காட்டன் மாதிரியே' என்று விற்கப்படும் பாலியெஸ்டர் குர்த்திதான் வியர்க்குருவுக்கு வழி.

லேபிளில் சந்தேகமா? உள் தையலில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல் நாலைந்தை உருவி, இடுக்கியில் பிடித்து, ஸ்டீல் தட்டுக்கு மேலே வைத்துக் கொளுத்துங்கள். பருத்தியும் ரேயானும் காகிதம் எரியும் வாசனையோடு மெல்லிய சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிச் சுருண்டு, ஆறியதும் கல் மாதிரி ஒரு கறுப்பு மணியாக நிற்கும். பட்டு, முடி கருகும் வாடை அடிக்கும். சாம்பலும் மணியும் சேர்ந்து வந்தால் கலப்பு.

லெகிங்ஸில் 95 சதவீதம் பருத்தி, 5 சதவீதம் ஸ்பாண்டெக்ஸ் என்று இருந்தாலும் தொல்லை தீர்வதில்லை. அங்கே குற்றவாளி இறுக்கம். தொடையிடுக்கில் தோலோடு தோல் உரசி, வியர்வை ஆவியாக வழியில்லாமல் நிற்கும். பூஞ்சைக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? படர்தாமரை இப்போது பழைய படர்தாமரையும் இல்லை. 2020-இல் ட்ரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே என்று பெயரிடப்பட்ட பூஞ்சை இந்தியா முழுக்கப் பரவியிருக்கிறது. வழக்கமான டெர்பினாஃபின் மாத்திரைக்கு அது பல நேரம் அடங்குவதில்லை. முன்பு இரண்டு வாரத்தில் போனது, இப்போது இரண்டு மாதம்கூட இழுக்கிறது.

இதில் எண்ணெய் ஊற்றுவது மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் கலவைக் களிம்பு. குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், பெக்லோமெத்தசோன் என்று ட்யூபில் எழுதியிருந்தால் அதில் ஸ்டீராய்டு இருக்கிறது. பூசிய மூன்றாம் நாள் அரிப்பும் சிவப்பும் அடங்கும். பூஞ்சை மட்டும் அடியில் அகலமாகப் பரவிக்கொண்டிருக்கும். வட்டத்தின் ஓரம் மங்கிப்போவதால் அடுத்து பார்க்கும் மருத்துவருக்கும் அடையாளம் தெரியாது. தொடையிடுக்கில் மாதக்கணக்கில் பூசினால் பிரசவத் தழும்பு போன்ற கோடுகள் விழும். அவை மறைவதில்லை.

படர்தாமரை வந்தவர் அந்த சீசனுக்கு லெகிங்ஸை மடித்து வைத்துவிட்டு பலாஸோ, பாட்டியாலா, தளர்ந்த சல்வார் என்று போவது நல்லது. உள்ளாடையை நாளுக்கு இரண்டு முறை மாற்றுங்கள். துணிகளைத் தனியாக, 60 டிகிரி வெந்நீரில் துவைத்து, உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி வெயிலில் போடுங்கள்; இடுப்பு மடிப்பையும் தையல் ஓரங்களையும் இஸ்திரி போடுங்கள். களிம்பை வட்டத்துக்கு வெளியே இரண்டு சென்டிமீட்டர் வரை பூச வேண்டும். தோல் சரியானது போலத் தெரிந்த பிறகும் இரண்டு வாரம் தொடர வேண்டும். வீட்டில் இன்னொருவர் சொறிந்துகொண்டிருந்தால் அவருக்கும் சேர்த்தே சிகிச்சை. இல்லையென்றால் துண்டு வழியாகத் திரும்பி வரும்.

அக்குள் தடிப்பு வேறு விஷயம். அக்குளின் நடுக்குழியில் தடிப்பு இருந்தால் டியோடரன்ட் மேல் சந்தேகம். நடுக்குழி சுத்தமாக இருந்து, ஓரத்தில் துணி உரசும் மடிப்புகளில் மட்டும் சிவந்திருந்தால் துணிச் சாயம். பாலியெஸ்டரிலும் நைலானிலும் போடும் டிஸ்பெர்ஸ் சாயங்கள் நூலோடு இறுகப் பிணைவதில்லை, வியர்வையில் இறங்கும். கறுப்பு, அடர்நீலம், ஊதா நிற லைனிங் துணிகளில்தான் இதை அதிகம் பார்க்கிறோம். மேல்துணி கைத்தறிப் பருத்தியாக இருக்கும். லைனிங்கை மலிவில் முடித்திருப்பார்கள். பிளவுஸ் தைக்கக் கொடுக்கும்போது லைனிங் பருத்தியாக வேண்டும் என்று சொல்லிக் கொடுங்கள். புதுத் துணியை ஒருமுறை அலசாமல் உடுத்தாதீர்கள். சுருக்கம் விழாமலிருக்கப் போடும் பிசினில், தோலை உறுத்தும் ஃபார்மால்டிஹைடு மிச்சம் இருக்கலாம்.

இடுப்பில் ஒரு கோடு

இது எந்தப் பருவத்துக்கும் உரியது. பாவாடை நாடாவை ஒரே இடத்தில், வருடக்கணக்கில் இறுக்கிக் கட்டுகிறவர்களுக்கு இடுப்பில் கருத்த, தடித்த, செதில் உதிரும் பட்டை விழும். பலர் அதை நோயாகவே எண்ணுவதில்லை. அந்தப் பட்டையில் புண் வந்து, ஆறி, மறுபடி வந்து, கடைசியில் ஆறாமல் நிற்பதுதான் ஆபத்து. அரிதாக அது தோல் புற்றுநோயாக மாறியிருக்கிறது. 2024-இல் பி.எம்.ஜே. கேஸ் ரிப்போர்ட்ஸ் இதழில் இந்திய மருத்துவர்கள் இப்படி இரண்டு முதிய பெண்களைப் பற்றி எழுதினார்கள். பயப்பட வேண்டாம், ஆனால் இடுப்பில் ஆறு வாரத்துக்கு மேல் ஆறாத புண் இருந்தால் சதை எடுத்துப் பரிசோதித்தே ஆக வேண்டும்.

மெல்லிய கயிறு நாடாவை உருவிவிட்டு, இரண்டு மூன்று விரல் அகலப் பட்டையாக மாற்றினால் அதே இறுக்கம் பரவிப்போகும். வீட்டுக்கு வந்ததும் தளர்த்துங்கள். கட்டும் உயரத்தை நாளுக்கு நாள் கொஞ்சம் மாற்றுங்கள். இப்போது நாடாப் பாவாடைக்குப் பதில் வந்திருக்கும், உடம்போடு ஒட்டி நிற்கும் ஃபிஷ்கட் ஷேப்வேர் இந்தக் கோட்டை நீக்குகிறது என்பது உண்மை. ஆனால் இடுப்பு முதல் முழங்கால் வரை நைலான் உறை போட்டது போல ஆகிவிடுகிறது. ஏ.சி. மண்டபத்தில் மூன்று மணி நேர ரிசப்ஷனுக்குச் சரி. மே மாதத்தில் காலை முதல் இரவு வரை அலுவலகத்துக்குச் சரிப்படாது.

தொப்புளுக்குக் கீழே ஒரு ரூபாய் அளவு வட்டத்தில் அரித்துக் கறுத்திருந்தால் அது ஜீன்ஸ் பட்டன். அதன் கதை நகையோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது.

மழைக்காலம்: கால்

சேற்றுப்புண்ணும் செருப்பு அலர்ஜியும் ஒன்றுபோல அரிக்கும். பிரித்துப் பார்ப்பது சுலபம். விரலிடுக்கு வெளுத்து ஊறி, தோல் உரிந்து வாடை அடித்தால் சேற்றுப்புண். பெரும்பாலும் சுண்டுவிரலுக்கும் அதற்கு அடுத்த விரலுக்கும் நடுவில்தான் தொடங்கும், மிக நெருக்கமான இடுக்கு அதுதான். விரலிடுக்கெல்லாம் நன்றாக இருந்து, வார் படும் புறங்காலில் மட்டும் இரண்டு காலிலும் ஒரே மாதிரி தடிப்பு இருந்தால் செருப்பு. ரப்பர் என்றால் அதை இறுக வைக்கச் சேர்க்கும் தயூரம், மெர்காப்டோபென்சோதயசோல். தோல் செருப்பு என்றால் பதனிடும் குரோமியம். ஒட்டுப் பசை மூன்றாவது. நனைந்த செருப்பிலிருந்து இவை எளிதில் கசியும், அதனால்தான் மழையில் கூடுகிறது. சிலருக்கு வார் பட்ட இடமே வெள்ளையாகும். ரப்பர் செருப்பை நிறுத்திவிட்டு உடனே காட்ட வேண்டிய நிலை அது.

சேலைக்கு வெள்ளை ஸ்னீக்கர் போடுவது இப்போதைய மோஸ்தர். முதுகுக்கும் குதிகாலுக்கும் நல்லதுதான். மழையில் நனைந்த ஷூவையே மறுநாளும் மாட்டுவதில்தான் சிக்கல். உள்ளங்காலில் ஊசியால் குத்தியது போலச் சிறு குழிகள், வழவழப்பு, தாங்க முடியாத நாற்றம் என்றால் அது பாக்டீரியா. பூஞ்சைப் பவுடர் எவ்வளவு கொட்டினாலும் கேட்காது. கிளிண்டாமைசின் போன்ற மருந்து வேண்டும். இரண்டு ஜோடி வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் போடுங்கள், ஒவ்வொன்றும் குறைந்தது ஒரு நாள் முழுக்கக் காய வேண்டும். உள் அட்டையைக் கழற்றி, பழைய செய்தித்தாளைச் சுருட்டித் திணித்தால் ஈரம் இறங்கும்.

துளையுள்ள கிளாக்ஸ் மழைக்கு நல்ல தேர்வு. ஜெல்லி செருப்புகளின் ஓரம் கூர்மையாக இருக்கும். சர்க்கரை நோயால் கால் உணர்ச்சி குறைந்தவர்கள் அவற்றைத் தொடவே வேண்டாம். கொப்புளம் வெடிக்கும் வரை தெரியாது. எந்தச் செருப்பையும் மாலையில் வாங்குங்கள், அப்போதுதான் கால் தன் முழு அளவில் இருக்கும். நின்றபடி, நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும்.

மெட்டியை மறந்துவிடுகிறோம். அதன் அடியில் சோப்பும் தண்ணீரும் தங்கும். மழைக்காலத்தில் கால் கழுவியதும் மெட்டியை நகர்த்தித் துடைக்க வேண்டும். கழற்ற வராத மெட்டியென்றால் துணி நுனியைத் திரியாக்கி உள்ளே விட்டு எடுங்கள்.

முகூர்த்தக் காலம்: காது, கழுத்து, நெற்றி

நகை அலர்ஜியில் முதலிடம் நிக்கலுக்கு. பெரும்பாலோருக்கு அது தொடங்குவது காது குத்தும் ஓட்டையில். உடம்பு ஒருமுறை நிக்கலை எதிரியாகப் பதித்துக்கொண்டால் வாழ்நாள் முழுக்க மறக்காது. பட்ட உடனே அரிக்காது என்பதுதான் இதில் ஏமாற்று. ஞாயிறன்று கல்யாணத்துக்குப் போட்ட நெக்லஸ் திங்கள், செவ்வாயில் அரிக்கும். பழி பந்திச் சாப்பாட்டின் மேல் விழும்.

இப்போது ஓடும் ஆக்சிடைஸ்டு (கறுப்படித்த வெள்ளி நிற) நகை மோகத்தில் இதைக் கவனிக்க வேண்டும். 'ஜெர்மன் சில்வர்' என்று விற்கப்படும் உலோகத்தில் வெள்ளி துளியும் கிடையாது. செம்பு, துத்தநாகம், நிக்கல் மூன்றும் சேர்ந்தது அது. கவரிங் நகையில் மேல்பூச்சு தேயும் வரை தொல்லை இல்லை; கொக்கியும் பின்கழுத்து வளையமும்தான் முதலில் தேயும், அரிப்பும் அங்கேதான் தொடங்கும். நகப்பூச்சு அடித்துப் போடலாம், இரண்டு மூன்று முறைக்குத் தாங்கும், பிறகு உரியும்.

எல்லாவற்றையும் கழற்றி வைத்தும் நெஞ்சில் அரிப்பு போகவில்லை என்றால் தாலிச் சரடைப் பாருங்கள். ஆத்திர அவசரத்துக்கு இருக்கட்டும் என்று நாலைந்து ஊக்கு அதில் தொங்கும். சரடு தங்கமாக இருக்கலாம். ஊக்கு நிக்கல் பூச்சு. இரவும் பகலும், வியர்வையிலும் குளியலிலும் அதே இடத்தில் படும். ஊக்கை எடுத்த சில வாரங்களில் அந்தக் கருமை மெல்ல மங்கத் தொடங்கும்.

'நிக்கல் ஃப்ரீ' என்ற அட்டையை மட்டும் நம்ப வேண்டியதில்லை. டைமெத்தில்கிளையாக்சைம் சொட்டுமருந்து ஆன்லைனில் கிடைக்கிறது. பஞ்சுக்குச்சியில் நனைத்து உலோகத்தில் அரை நிமிடம் தேய்த்தால், நிக்கல் கசிகிறபோது பஞ்சு இளஞ்சிவப்பாகும். நகை, வாட்ச் கொக்கி, ஜீன்ஸ் பட்டன், மூன்றுக்கும் பயன்படும். பட்டனின் பின்பக்கம் ஒரு துண்டு பருத்தித் துணியைத் தைத்துவிட்டால் போதும். காது குத்தப் புதுக் கம்பி என்றால் டைட்டானியம் அல்லது 22 காரட் தங்கம். சர்ஜிக்கல் ஸ்டீலிலும் நிக்கல் உண்டு, கசிவு குறைவு. ஏற்கெனவே அலர்ஜி உள்ளவர்கள் புது ஓட்டையில் அதைப் போடாமலிருப்பது நல்லது.

கனமான ஜிமிக்கிக்கு நம் பாட்டிமார் கண்ட விடை மாட்டல்: பாரத்தைக் காதிலிருந்து தலைமுடிக்கு மாற்றும் கருவி. இப்போது அதை அலங்காரமாக மட்டும் தளர்வாகத் தொங்கவிடுகிறார்கள். கொஞ்சம் இழுத்து, ஜிமிக்கி லேசாகத் தூக்கி நிற்கும்படி குத்தினால்தான் வேலை செய்யும். ஓட்டை நீண்டு கோடாகிவிட்டால் தைக்கலாம். சில வாரம் கழித்து, தைத்த தழும்பை விட்டுத் தள்ளிக் குத்த வேண்டும்.

நெற்றியில் பொட்டு வைக்கும் இடம் வெளுத்தால் ஸ்டிக்கர் பசை. அதிலுள்ள பாரா டெர்ஷியரி பியூட்டைல் பீனால் நிறமிச் செல்களையே கொல்லும், அரிப்பே இல்லாமல் கூட. இரவில் எடுத்துவிடுங்கள், கண்ணாடியில் ஒட்டி மறுநாளும் வைக்காதீர்கள், வெளுப்பின் முதல் அறிகுறியிலேயே நிறுத்துங்கள். மருதாணியில் ஒரே எச்சரிக்கை: அரை மணியில் கறுப்பாகச் சிவக்கிறது என்று சொன்னால் அது மருதாணி இல்லை, ஹேர் டையில் போடும் பி.பி.டி. எனும் ரசாயனம்.

மருத்துவரிடம் வரும்போது சந்தேகப்படும் பொருளையே ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள்: செருப்பு, நெக்லஸ், பொட்டு அட்டை, லைனிங்கில் வெட்டிய துண்டு. தேவையானால், எந்தப் பொருள் ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிக்கும் பேட்ச் டெஸ்ட் செய்வார்கள். சந்தேகப்படும் பொருள்களை முதுகில் ஒட்டி 48 மணி நேரம் வைத்து, எடுத்ததும் ஒருமுறையும் நான்காம் நாள் ஒருமுறையும் பார்ப்பார்கள். அதுவரை முதுகு நனையக் கூடாது, வியர்க்கவும் கூடாது என்பதால் கத்திரி வெயிலில் தவிர்த்து, மார்கழி தையில் தேதி வாங்குங்கள். முதுகில் ஸ்டீராய்டு களிம்பு பூசியிருந்தாலோ ஸ்டீராய்டு மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தாலோ முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், முடிவு தவறாக வரும்.