ஒரு சிவப்புப் புள்ளிக்குள் எவ்வளவு தீ இருக்கிறது?

உலக வரைபடம், அதில் ஆப்பிரிக்காவின் பெரும்பகுதி சிவப்பு. "ஒரு கண்டமே எரிகிறதே, யாரும் பேசவில்லையே?" என்ற கேள்வியோடு இந்தப் படம் ஆண்டுதோறும் எனக்கு வாட்ஸ்அப்பில் வந்துவிடும். காட்டுத்தீத் தரவுகளோடு தினமும் வேலை செய்கிறவன் என்பதால் என்னிடம் கேட்கிறார்கள். நியாயமான பதற்றம்தான். ஆனால் படத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும்.

செயற்கைக்கோளில் இருந்து தீயைக் கண்டறியும் மோடிஸ் கருவி அந்த வரைபடத்துக்குத் தரும் ஒரு சிவப்புப் புள்ளி, சுமார் ஒரு சதுர கிலோமீட்டருக்குள் எங்கோ கடும் வெப்பம் தெரிந்தது என்று மட்டுமே சொல்கிறது. அந்தச் சதுரம் முழுவதும் எரிந்திருக்கலாம், ஒரு மூலை மட்டும் எரிந்திருக்கலாம். மேகத்துக்கு அடியில் எரிந்தது பதிவாகாமலே போகலாம். பின்னால் வந்த விர்ஸ் கருவி 375 மீட்டர் அளவில் பார்ப்பதால் சின்னச் சின்னத் தீயும் அதில் சிக்கும். பழைய கருவியின் புள்ளிகளையும் புதியதன் புள்ளிகளையும் பக்கத்தில் வைத்து எண்ணினால், தீ பல மடங்கு பெருகிவிட்டது போலத் தோன்றும். கூடியது பார்வையின் கூர்மைதான்.

சரி, ஆப்பிரிக்கா? ஆண்டுதோறும் உலகில் எரியும் பரப்பில் பாதிக்கும் மேல் அங்கேதான். பெரும்பாலும் சவன்னா புல்வெளி. மழையில் வளர்ந்து, காய்ந்து, எரிந்து, அடுத்த மழையில் மறுபடி துளிர்க்கும். ஜனவரியில் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே, ஆகஸ்டில் தெற்கே என்று வறட்சியோடு சேர்ந்து தீயும் இடம் மாறும். புல்வெளிகள் வயல்களாக மாறியதால், 1998 முதல் 2015 வரை உலகில் எரிந்த பரப்பு ஏறக்குறைய கால் பங்கு குறைந்தது. ஆனால் 2023இல் கனடாவில் மட்டும் சுமார் 1.5 கோடி ஹெக்டேர் எரிந்தது. இரண்டும் உண்மை. புல் ஒரு மழையில் மீளும், காட்டுக்குப் பல பத்தாண்டுகள் வேண்டும். அதனால் "தீ கூடுகிறதா, குறைகிறதா?" என்று யாராவது கேட்டால், எங்கே, எந்தக் காலத்தில், எது எரிகிறது என்றுதான் நான் திருப்பிக் கேட்பேன்.

சில காடுகள் இருநூறு, முந்நூறு ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் எரியும். நம் செயற்கைக்கோள் பதிவுகளின் வயது சில பத்தாண்டுகள்தான். அதற்கு முந்தைய கதையை மரத்திடம்தான் கேட்க வேண்டும். வழவழப்பாகத் தேய்த்த ஒரு பைன் மரத் துண்டை நுண்ணோக்கியில் பாருங்கள். ஆண்டு வளையத்தின் நடுவே தீ சுட்ட தழும்பு, அதை மூடிக்கொண்டு வளைந்து வளர்ந்த புது மரம். தழும்பு வெளிறிய பகுதியில் இருந்தால் வளரும் பருவத்தின் தொடக்கத்தில் வந்த தீ. கருத்த பகுதியில் இருந்தால் பருவத்தின் கடைசியில் வந்தது. மேற்கு அமெரிக்காவின் பல பைன் காடுகளில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வந்துகொண்டிருந்த இந்தத் தழும்புகள், 19ஆம் நூற்றாண்டின் இறுதியோடு சட்டென்று நின்றுபோகின்றன. கால்நடைகள் புல்லை மேய்ந்து தீர்த்தன, அப்புறம் மனிதர்கள் வந்த தீயை எல்லாம் அணைத்தார்கள். சின்னத் தீயில் தரையோடு எரிந்து போயிருக்க வேண்டிய சருகும் இளமரங்களும் அடர்ந்துகொண்டே வந்தன. இன்று அங்கே தீ பிடித்தால் அது உச்சிக்கிளை வரை ஏறுகிறது.

"எங்கள் பக்கம் முப்பது வருடமாகத் தீயே வந்ததில்லை" என்று நிம்மதியாகச் சொல்பவர்களிடம் இதைத்தான் விளக்குகிறேன். "இந்த வருடம் நல்ல மழை, இனி பயமில்லை" என்பவர்களிடமும் பேச வேண்டியிருக்கிறது. வறண்ட புல்வெளிகளில் மழை வளர்க்கும் புல்தான் பின்னால் வரும் வறட்சிக்கு விறகு. அப்படி ஒரு நல்ல மழைக்குப் பிந்தைய உலர்ந்த மாதங்களில் வரைபடத்தை நான் வழக்கத்தைவிட அடிக்கடி திறந்து பார்ப்பேன்.