ஓட்டிசம் ஆய்வுக்குள் வன்னிப் பிள்ளைகள்

எம்-சாட் வினாத்தாளின் திருத்திய வடிவத்தில் 20 கேள்விகள். 16 முதல் 30 மாதப் பிள்ளையிடம் ஓட்டிசத்தின் அறிகுறி உண்டா என்று பார்க்கப் பெற்றோர் ஓம், இல்லை என்று சொன்னால் போதும். 0–2 புள்ளி என்றால் பயமில்லை. 3–7 என்றால் புள்ளி விழுந்த கேள்விகளை உதாரணத்தோடு திரும்பக் கேட்க வேண்டும். 8ஐத் தொட்டால் நேரே நிபுணரிடம். இந்த எல்லைகள் அமெரிக்கக் குடும்பங்களின் பதில்களை வைத்து வகுத்தவை.

இலங்கையில் அரைநகர்ப் பகுதியொன்றில் 18–24 மாதப் பிள்ளைகள் 374 பேரைப் பார்த்த ஆய்வு 2009இல் வெளியானது. 4 பேருக்கு ஓட்டிசம் உறுதியானது. இதே வினாத்தாளின் பழைய வடிவம் அந்த நால்வரில் ஒருவரைத்தான் பிடித்தது. பிறகு படங்களைக் காட்டிக் கேட்கும் முறையொன்று இங்கேயே உருவானது.

வன்னியில், ஒட்டுசுட்டானில் இந்தத் தாளை நீட்டினால்? இரைச்சலுக்குப் பிள்ளை கலங்குமா என்ற 12ஆம் கேள்விக்கு மூலத்திலுள்ள உதாரணம் வக்கியூம் கிளீனர். அதை எடுத்துவிட்டு லாண்ட்மாஸ்டர் உழவு மெசினைப் போடலாம், அது லேசு. கஷ்டம் மரியாதையில் இருக்கிறது. கிளினிக்கில் மருத்துவமாது எதைக் கேட்டாலும் "ஓம் மிஸ்" என்பார்கள். 2, 5, 12ஆம் கேள்விகளில் மட்டுமே ஓமுக்குப் புள்ளி. மற்ற 17இலும் இல்லைக்குத்தான். எல்லாவற்றுக்கும் ஓம் போட்ட தாள் சரியாக 3 காட்டும். அந்த மூன்றிலேயே புள்ளி விழுந்த தாள்கள் குவிந்தால், கேட்ட விதம் பிழை.

விரலால் காட்டுமா என்று கேட்டால், கையைப் பிடித்துப் பானையடிக்கு இழுத்துப்போகும் பிள்ளையின் தாயும் ஓம் என்பார். "கடைசியா எதைக் காட்டினவர்? மயிலைக் காட்டிப்போட்டு உங்கட முகத்தைத் திரும்பிப் பாத்தவரா?" என்று கேட்டால்தான் விசயம் வெளிக்கும். காது கேட்கிறதா என்பதைத் தனியே சோதிக்க வேண்டும்.

யாரிடம் கேட்பது? தாய் விடியவே ஆடைத் தொழிற்சாலை பஸ் ஏறினால், பகல் முழுக்கப் பிள்ளையோடு நிற்பது அம்மம்மா. சம்மதம் தாயிடம், விபரம் அம்மம்மாவிடம். பதில் சொன்னவர் யார் என்பதற்குத் தாளில் ஒரு கட்டம் வேண்டும்.

93 பேருக்கு ஒருவர் என்ற அந்த 2009 ஆய்வின் கணக்கில், ஓட்டிசமுள்ள 40 பிள்ளைகளைக் காண ஏறக்குறைய 3,700 பேரைப் பார்க்க வேண்டும். கிளினிக்குக்கு வருவோரை மட்டும் எண்ணினால் முத்தையன்கட்டுப் பக்கம் கூலிவேலைக்குப் போகும் வீடுகள் விடுபடும். காலபோக அறுவடை நாட்களைத் தவிர்த்து, பின்னேரத்தில் வீட்டுக்குப் போவதே வழி. கிளினிக்குக்கு அழைத்தால் பஸ் காசும் அன்றைய கூலியும் முன்கூட்டியே கொடுக்க வேண்டும். இடம்பெயர்ந்து பதிவுப் படிவங்களில் கையெழுத்திட்டே சலித்த சனத்துக்குப் படிவம் என்றாலே தயக்கம். நெறிமுறைக் குழு அனுமதித்தால் சாட்சி முன்னிலையில் வாய்மொழிச் சம்மதம் போதும். வராத வீடுகளையும் காரணத்தோடு தனிப்பட்டியலில் எழுத வேண்டும். அது இல்லாத அறிக்கையின் சதவீதத்தை நம்ப முடியாது.