அபரிஜினல்: பழங்குடியா, ஆதிவாசியா, பூர்வகுடியா?

ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரத்தில் கிரென்ஃபெல் தெருவில் ஒரு பழைய மின்நிலையக் கட்டடம் உண்டு. 1989இல் அது கலைக்கூடமாக மாறியது. பெயர் தண்டன்யா. முழுப் பெயர் ‘தண்டன்யா நேஷனல் அபரிஜினல் கல்ச்சுரல் இன்ஸ்டிட்யூட்’. இதைத் தமிழில் எழுதச் சொன்னால் நேஷனல் சுலபம், தேசிய. கல்ச்சுரலும் அப்படித்தான், பண்பாட்டு. நடுவில் இருக்கிற அபரிஜினலில்தான், அதாவது இந்த நாட்டின் மூத்த குடிகளைக் குறிக்கும் சொல்லில்தான், பேனா நின்றுவிடும்.

சொல்லின் ஊர் இத்தாலி. ரோம் நகரம் உருவாகும் முன்பே லாட்டியம் வட்டாரத்தில் ஒரு மக்கள் வாழ்ந்ததாக ரோமானியர்கள் கதை சொல்லிவந்தார்கள். அவர்களுக்கு வைத்த பெயர்தான் ‘அபொரிஜினெஸ்’. லத்தீனில் ‘அப் ஒரிஜினே’ என்றால் ‘தொடக்கத்திலிருந்தே’ என்று பொருள்; பெயர் அதிலிருந்து வந்தது என்பதுதான் வழக்கமான விளக்கம். பிறகு ஆங்கிலத்தில் எந்த நாட்டின் மூத்த குடிகளுக்கும் அது பொதுப்பெயர் ஆனது. 1788இல் பிரிட்டிஷார் சிட்னியில் குடியேறிய பிறகு இந்தக் கண்டத்து மக்கள்மேல் ஒட்டிக்கொண்டது. அப்போது இங்கே 250க்கும் மேற்பட்ட மொழிகள் பேசப்பட்டன. அத்தனை பேருக்கும் சேர்த்து ஒரே பெயர், அதுவும் வந்தவர்கள் வைத்தது.

அந்தச் சொல்லிலும் நல்லது கெட்டது உண்டு. ‘அபரிஜினல்’ என்று உரிச்சொல்லாக, பெரிய எழுத்தில் தொடங்கி எழுதுவது மரியாதை. ‘அபரிஜினி’ என்று ஆளைக் குறிக்கும் பெயர்ச்சொல்லாக்குவது பழைய வாடை அடிக்கும், பலருக்குப் பிடிப்பதில்லை. அதையே சுருக்கிச் சொன்னால் வசவு. தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து கிடையாது. ஆகவே மரியாதை முழுவதையும் சொல்லே சுமந்தாக வேண்டும்.

சரி, நம்மிடம் என்ன சொற்கள் இருக்கின்றன?

ஆதிவாசி என்பதை முதலில் தள்ளிவிடலாம். வடக்கே அது பெருமையான சொல். 1930களில் சோட்டா நாக்பூர் பகுதியில் அந்த மக்களே அதை அரசியல் பெயராக ஏந்தினார்கள். தமிழில் அந்தக் கௌரவம் ஒட்டவில்லை. நம் காதில் அது காட்டுவாசிக்குப் பக்கத்து வீடு. இலையைக் கட்டிக்கொண்டு ஈட்டியோடு குதிக்கும் சினிமாக் காட்சிதான் கண்முன் வரும்.

பழங்குடியின் கதை சுவாரஸ்யமானது. குறளில் குடிமை அதிகாரத்தில் (955) இந்தச் சொல் வருகிறது. கொடுத்துப் பழகிய கை வறண்டுபோனாலும் பழங்குடி தன் பண்பிலிருந்து விலகாது என்கிறார் வள்ளுவர். அதாவது தொன்றுதொட்டு வரும் பெருமையான குடும்பம். அந்தச் சொல்தான் இன்று சாதிச் சான்றிதழில் ஒரு பட்டியலின் பெயர். சொல்லின் குற்றம் இல்லை, தாலுகா ஆபீஸுக்குப் போய்வந்த சொல் அது. ஆஸ்திரேலியர்களுக்கு அதைப் போட்டால் தவறென்று சொல்ல முடியாது, பத்திரிகைகள் போடுகின்றன. ஆனால் வாசகர் உடனே மலைக்கிராமத்துக்குப் போய்விடுவார். இவர்களில் பலர் சிட்னியிலும் பிரிஸ்பேனிலும் வாழும் நகரவாசிகள்.

எனக்குப் பிடித்தது பூர்வகுடி. ‘உங்க பூர்வீகம் எது?’ என்று நாம் கேட்பது பிறந்த ஆஸ்பத்திரியைப் பற்றி அல்ல, தாத்தா பாட்டியின் மண்ணைப் பற்றி. அபரிஜினல் மக்கள் சந்தித்துக்கொள்ளும்போது கேட்பதும் ஏறக்குறைய இதுதான்: உன் ஆட்கள் யார், உன் நிலம் எது? அந்த உறவைப் பூர்வகுடி சொல்லாமலே சொல்லிவிடுகிறது. பூர்வம் வடசொல்லாயிற்றே என்று தயங்குகிறவர்களுக்குத் தொல்குடி இருக்கிறது. அதுவும் நல்ல சொல்தான். முதற்குடி என்பதை ‘ஃபர்ஸ்ட் நேஷன்ஸ்’ என்ற இன்னொரு தொடருக்கு வைத்துக்கொள்ளலாம். ஆஸ்திரேலியாவுக்கும் நியூ கினிக்கும் இடையில் இருக்கிற டோரஸ் நீரிணைத் தீவினர் தனி மக்கள். அவர்களுக்குத் தனிக் கொடியே உண்டு. அவர்களைப் பூர்வகுடிக்குள் விழுங்கிவிடாமல் ‘பூர்வகுடிகளும் டோரஸ் நீரிணைத் தீவினரும்’ என்று எழுதுவதே முறை.

இருந்தாலும் பொதுப்பெயர் பொதுப்பெயர்தான். ஆள் யாரென்று தெரிந்தால் சொந்தப் பெயரைச் சொல்லவேண்டும்: நியூ சவுத் வேல்ஸிலும் விக்டோரியாவிலும் கூரி, குயின்ஸ்லாந்தில் மரி, டாஸ்மேனியாவில் பலாவா. ஓவியத்துக்கும் இதே கதைதான். புள்ளி ஓவியம் என்றதும் கண்டம் முழுக்க அப்படித்தான் வரைவார்கள் என்று நினைக்கிறோம். இன்று நாம் பார்க்கும் அந்தப் பாணி, 1971-72இல் நட்டநடுப் பாலைவனத்துப் பப்புன்யாவில் மணலிலும் உடம்பிலும் வரைந்த கோலங்கள் பலகைக்கும் துணிக்கும் ஏறியபோது பரவியது. வடக்கே ஆர்னம் லாண்டில் மரப்பட்டையில் வரைவார்கள், அது வேறு கை.

அடிலெய்டு சமவெளி கார்னா மக்களின் நிலம். ஆங்கிலத்தில் ‘கௌர்னா’ என்று படிக்கிற மாதிரி எழுதுவார்கள், பலர் சொல்வது கார்னா. தண்டன்யா அவர்கள் சொல்தான்: செங்கங்காருவின் இடம். கார்னா மொழியில் ககரத்தின் வல்லோசை மெல்லோசை வேறுபாடு பொருளை மாற்றாது. ட, தவுக்கும் அப்படியே. நம் எழுத்து மாதிரி. அதனால்தான் ஆங்கிலத்தில் இந்தப் பெயரை நடுவில் ஒருவர் t போட்டு எழுதுவார், இன்னொருவர் d போட்டு எழுதுவார். அங்கே வரும் ஒலி நம் ‘ண்ட’வேதான். ஆங்கிலத்துக்கு மூன்று எழுத்து தேவைப்படுவது தமிழில் தானாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. இதைப் பார்த்து உடனே உறவு கொண்டாடவேண்டாம். கால்டுவெல்லே ஆஸ்திரேலிய மொழிகளின் பிரதிப்பெயர்களைத் திராவிட மொழிகளோடு ஒப்பிட்டதுண்டு. இன்றைய மொழியியல் அந்த உறவை ஏற்கவில்லை.

அப்புறம், தண்டன்யா போன்ற இடங்களைப் பூர்வகுடிப் பண்பாட்டு நிலையம் என்றோ மையம் என்றோ எழுதலாம். கம்யூனிட்டி சென்டர்தானே என்று சமுதாயக் கூடம் என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். நம்மூர் ஆட்கள் கல்யாணத்துக்கு நாள் கேட்டு வந்துவிடுவார்கள்.